போக மூன்று மணி நேரம், வர முப்பது மணி நேரமா?

ஓமலூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். சான் பிரான்சிஸ்கோவில் இருக்கும் மகளுக்குப் பிரசவம். நவம்பர் கடைசியில் எழுபத்திரண்டு வயது அம்மாவையும் அழைத்துக்கொண்டு பெங்களூருவிலிருந்து நேர் விமானத்தில் போகிறீர்கள். இணையத்தில் தேடினால் ஒரு தளம் தூரம் 13,990 என்கிறது, இன்னொன்று 8,693 என்கிறது, மூன்றாவது 7,554 என்கிறது. பறக்கும் நேரம் பதினைந்தரை மணி என்று போட்டிருக்கிறது. ஆனால் மகள் அனுப்பிய டிக்கெட்டில் மதியம் 2 மணிக்குக் கிளம்பி அதே நாள் மாலை 5 மணிக்கு இறங்குவதாக இருக்கிறது. திரும்பி வரும் டிக்கெட்டிலோ ஏப்ரல் 15 இரவு 9 மணிக்குக் கிளம்பினால் 17 அதிகாலை 3 மணிக்குத்தான் பெங்களூரு. "போக மூன்று மணி நேரம், வர முப்பது மணி நேரமா? எதை நம்புவது?" என்பது உங்கள் கேள்வி. விமானம் வட துருவத்தின் மேல் போகும் என்று ஒருவரும், பசிபிக் கடல் மேல் போகும் என்று இன்னொருவரும் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

கிலோமீட்டர் கணக்கு கேட்டாலும், உங்களுக்குத் தெரிய வேண்டியது வேறு என்று நினைக்கிறேன். அம்மா அந்த இருக்கையில் எத்தனை மணி நேரம் உட்கார வேண்டும், சர்க்கரை மாத்திரையை எந்த நேரத்துக்குக் கொடுப்பது, வீட்டை விட்டுக் கிளம்பி மகள் வீட்டுக்குள் நுழைய மொத்தம் எவ்வளவு ஆகும். அதற்கும் வருகிறேன். நான் இருபத்தாறு வருடம் ஒரு விமான நிறுவனத்தின் டிஸ்பாட்ச் அறையில் வேலை பார்த்தவன். பைலட் விமானத்தில் ஏறுவதற்கு முன்னால் எந்த வழியில் போவது, எவ்வளவு எரிபொருள் ஏற்றுவது என்று கணக்குப் போட்டுக் கொடுக்கும் அறை அது. ஓய்வு பெற்று இப்போது சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன்.

முதலில் அந்த மூன்று எண்கள். மூன்றும் ஒரே தூரம்தான், அளவுகோல்தான் வேறு. 13,990 என்பது கிலோமீட்டர். 8,693 என்பது அமெரிக்கர்கள் சாலையில் அளக்கும் சாதாரண மைல், அதாவது 1,609 மீட்டர். 7,554 என்பது கடல் மைல், 1,852 மீட்டர். கப்பலும் விமானமும் இன்றுவரை கடல் மைலை விடாததற்குக் காரணம் இருக்கிறது. பூமி உருண்டையின் சுற்றளவை 360 பாகையாகப் பிரித்து, ஒரு பாகையை 60 ஆகப் பிரித்தால் வருகிற ஒரு துண்டுதான் கடல் மைல். உருண்டையின் மேல் கணக்குப் போடுகிறவனுக்கு அதைவிட வசதியான அளவு கிடையாது.

சில தளங்களில் 13,990க்குப் பதில் 14,004 என்றோ 14,010 என்றோ வரும். அதைப் பார்த்தும் குழம்ப வேண்டாம். பூமி முழு உருண்டை இல்லை, நிலநடுக்கோட்டில் கொஞ்சம் பெருத்தது. மையத்திலிருந்து அங்கே 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357. எந்த ஆரத்தை வைத்துக் கணக்குப் போட்டார்கள் என்பதைப் பொறுத்துப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் மாறும். பெங்களூரு என்றால் மெஜஸ்டிக்கா தேவனஹள்ளி விமான நிலையமா என்பதிலும் முப்பது கிலோமீட்டரை ஒட்டி இடிக்கும். பூமியின் இந்த வளைவை நம் நாட்டில் முறையாக அளக்கத் தொடங்கிய இடம் எது தெரியுமா? பரங்கிமலை. 1802இல் லாம்டன் என்ற ஆங்கிலேய நில அளவையாளர், மற்ற அளவுகளுக்கெல்லாம் அடிப்படையான தன் முதல் நேர்கோட்டை அங்கேதான் சங்கிலி வைத்து அளந்தார். மீனம்பாக்கத்தில் வேலை பார்த்த நாட்களில் ஜன்னலைத் திறந்தால் அந்த மலைதான் தெரியும். சரி, விஷயத்துக்கு வருவோம். இந்தத் தூரம் உறுதியான எண். நாளைக்கும் இதேதான், நூறு வருடம் கழித்தும் ஏறக்குறைய இதேதான்.

ஆனால் இது எந்த வழியின் தூரம்? இதைப் பேசிப் புரியவைக்க முடியாது, செய்து பார்க்க வேண்டும். பேரனுடைய பூமி உருண்டையை எடுத்து மேஜையில் வைத்தேன். அம்மாப்பேட்டையில் தறி வைத்திருக்கும் நண்பர் கொடுத்த பட்டு நூலில் ஒரு துண்டு. ஒரு நுனியைப் பெங்களூருவின் மேல் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மறு நுனியைச் சான் பிரான்சிஸ்கோவுக்குக் கொண்டு போய் இழுத்தேன். முதலில் நூலை ஜப்பான் வழியாக, பசிபிக் மேலாகத்தான் வைத்தேன், ஏனென்றால் சுவரில் மாட்டும் தட்டையான வரைபடத்தில் அதுதான் நேராகத் தெரியும். இழுத்துப் பிடித்ததும் நூல் வழுக்கிக்கொண்டு மேலே ஏறியது. சீனா, மஞ்சூரியா என்று ஏறி ஏறி, கடைசியில் நேபாளம், திபெத், மங்கோலியா, சைபீரியா, அலாஸ்கா என்று போய் நின்றது. அதற்கு மேல் எவ்வளவு இழுத்தாலும் நகரவில்லை. அதுதான் குறைந்த தூரம், பெருவட்டப் பாதை என்பார்கள். 13,990 என்பது அந்த நூலின் நீளம்.

பெங்களூருவில் அந்தப் பாதையின் திசையைக் கணக்கிட்டால் வடக்கிலிருந்து வலப்பக்கம் வெறும் இருபது பாகை சாய்வுதான். அமெரிக்கா போக மூக்கை வடக்கே திருப்ப வேண்டும். பேரனிடம் சொன்னால் நம்பவில்லை, நூலைப் பார்த்த பிறகு நம்பினான். அந்தப் பாதை அதிகபட்சம் ஏறுவது 71 பாகை வடக்கு வரை, சைபீரியாவின் வட கரையை ஒட்டி. துருவம் அங்கிருந்து இன்னும் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஆகவே குறைந்த தூர வழி துருவத்தின் மேல் போகவில்லை என்பதும் உறுதி.

இப்போது ஒரு சிக்கல். எந்த விமானமும் அந்த நூலின் மேலேயே போவதில்லை. நம் ஊர்க்காரருக்கு இதைச் சொல்ல ஏற்காடு போதும். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு அளவுகோல் வைத்து நேராக அளந்தால் பதினைந்து கிலோமீட்டர்தான் வரும். அடிவாரம் தாண்டி இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏரிக்கரையில் போய் நிற்கும்போது வண்டி மீட்டர் முப்பது காட்டும். மலை அப்படி. ஆகாயத்திலும் கண்ணுக்குத் தெரியாத மலைகள் உண்டு, கண்ணுக்குத் தெரிகிற மலையும் உண்டு.

தெரிகிற மலை இமயமும் அதன் பின்னால் இருக்கும் திபெத் பீடபூமியும். முப்பத்தைந்தாயிரம் அடியில் பறக்கும் விமானத்துக்கு மலை இடிக்குமா என்று கேட்பார்கள். இடிக்காது. பிரச்சினை வேறு. விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்துவிட்டால் மேலிருந்து ஆக்ஸிஜன் முகமூடி விழும் இல்லையா, அதில் வருகிற ஆக்ஸிஜன் பெரும்பாலான விமானங்களில் கால் மணி நேரத்தை ஒட்டித்தான் வரும். அதற்குள் பைலட் பத்தாயிரம் அடிக்கு இறங்கியாக வேண்டும், அங்கேதான் மனிதன் சாதாரணமாக மூச்சு விட முடியும். திபெத்தில் தரையே சராசரியாக 4,500 மீட்டர் உயரம், பதினாலாயிரம் அடிக்கு மேல். எங்கே இறங்குவது? இரண்டு எஞ்சினில் ஒன்று நின்றுபோனாலும் அதே கதைதான், உயரம் பிடித்து நிற்காது. அவசரத்துக்கு இறங்க ஓடுதளமும் அந்தப் பக்கம் அரிது. அதனால் டிஸ்பாட்ச் அறையில் திபெத்தைச் சுற்றிப் போவது கேள்வி கேட்காமல் நடக்கும்.

தெரியாத மலைகள், நாடுகளின் வான்வெளி. 2022 பிப்ரவரி கடைசியில் உக்ரைன் போர் தொடங்கியபின் அமெரிக்க, ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்டது. இந்திய நிறுவனங்களுக்கு மூடவில்லை. அதில் ஒரு சங்கடமும் உண்டு. 2023 ஜூன் மாதம் டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போன ஏர் இந்தியா விமானம் எஞ்சின் கோளாறால் ரஷ்யாவின் தூரக் கிழக்கில் இருக்கும் மகதான் என்ற சின்ன ஊரில் இறங்க நேர்ந்தது, பயணிகள் மாற்று விமானம் வரும்வரை அங்கேயே தங்கினார்கள். 2025 ஏப்ரல் 24 முதல் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. அதில் அடிபட்டது பெரும்பாலும் டெல்லியிலிருந்து மேற்கே போகிறவர்கள். பெங்களூருவிலிருந்து கிழக்கே போகும் உங்களுக்கு அதனால் பெரிய வித்தியாசம் இல்லை.

இப்போது காற்று. என் பார்வையில் உங்கள் கேள்வியின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

டெல்லி, சான் பிரான்சிஸ்கோ தடத்தில் ஏர் இந்தியா முதலில் அட்லாண்டிக் பக்கமாக, ஐரோப்பாவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. ஏறக்குறைய 13,900 கிலோமீட்டர். 2016 அக்டோபரில் அதைத் திருப்பி, பசிபிக் பக்கமாக ஓட்டினார்கள். தூரம் 15,300 கிலோமீட்டர் ஆனது. ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் கூடுதல். பயண நேரம்? பதினாலரை மணி. பழைய வழியைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் குறைவு. தூரம் கூடியது, நேரம் குறைந்தது. எழுத்துப்பிழை இல்லை, அப்படித்தான் நடந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 15,300ஐப் பதினாலரையால் வகுத்தால் மணிக்கு 1,055 கிலோமீட்டர். அந்த போயிங் 777 காற்றுக்குள் ஓடுகிற வேகம் ஒலியின் வேகத்தில் 84 சதவீதம், அந்த உயரத்துக் குளிரில் மணிக்கு 890 சொச்சம். பதினாலரை மணி நேரத்தில் விமானம் தன் எஞ்சினால் ஓடியது பதின்மூவாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவுதான். மிச்சம் இரண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டரைக் காற்று சுமந்து கொண்டுபோய் விட்டது. நாங்கள் அறையில் இரண்டு தூரம் எழுதுவோம், ஒன்று தரைத் தூரம், இன்னொன்று காற்றுத் தூரம். எரிபொருள் ஏற்றுவது இரண்டாவதை வைத்துத்தான். பயணிக்குச் சொல்வதோ முதலாவதை. குழப்பத்தின் வேர் அதுதான்.

அந்தக் காற்றுக்கு ஜெட் ஸ்ட்ரீம் என்று பெயர். விமானங்கள் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஆறு மாதிரி ஓடும். குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேல் அது ரொம்ப உக்கிரம், மணிக்கு இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் என்பது அங்கே ஆச்சரியமில்லை. எங்கள் மேஜைக்கு வரும் காற்று வரைபடத்தில் ஒவ்வொரு இடத்திலும் ஒரு குச்சி இருக்கும், குச்சியின் ஓரத்தில் கோடுகள். குட்டைக் கோடு ஐந்து நாட், நீளக் கோடு பத்து, கறுப்பு முக்கோணம் ஐம்பது. நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல். மே மாதத்தில் ஜப்பான் பக்கம் ஒரு முக்கோணம் இருக்கும். மார்கழி, தை என்று வந்துவிட்டால் ஒரே குச்சியில் மூன்று முக்கோணம் அடுக்கி நிற்கும், கோயில் திருவிழாத் தோரணம் மாதிரி. அதைப் பார்த்தாலே கிழக்கே போகிறவனுக்குக் கொண்டாட்டம், மேற்கே வருகிறவனுக்குத் திண்டாட்டம். இந்தக் காற்றை 1920களில் பலூன் விட்டு முதலில் அளந்தவர் ஓயிஷி வாசாபுரோ என்ற ஜப்பானியர். உலகமே படிக்கட்டும் என்று அறிக்கையை எஸ்பெராண்டோ என்ற, எல்லா நாட்டவருக்கும் பொதுவாக உருவாக்கிய மொழியில் எழுதினார். அதனாலேயே பல பேர் படிக்காமல் விட்டார்கள்.

இணையத் தளம் பதினைந்தரை மணி என்று சொன்னதன் சூட்சுமம் இப்போது புரியும். 13,990ஐ 900ஆல் வகுத்திருக்கிறது, அவ்வளவுதான். யாரும் போகாத நூல் பாதை, வீசாத காற்று. இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: 14,000 கிலோமீட்டர், விமானத்தின் வேகம் 900. நூறு கிலோமீட்டர் பின்காற்று இருந்தால் பதினாலு மணி நேரம். அதே நூறு எதிர்க்காற்றாக இருந்தால் பதினேழரை. நடுவில் மூன்றரை மணி நேரம் வித்தியாசம், தூரம் ஒரு அங்குலம்கூட மாறாமல். அந்தத் தளங்களின் தூரத்தை நம்புங்கள், நேரத்தை நம்பாதீர்கள். நேரத்துக்கு டிக்கெட்தான் ஆதாரம்.

டிக்கெட்டில் போடும் நேரமும் வெறும் பறக்கும் நேரம் இல்லை. விமானம் நிற்கும் இடத்தை விட்டு நகர்வதிலிருந்து அங்கே போய் நிற்கும் இடத்தில் நிற்கும்வரை கணக்கு. இதை நம் ஊர் விமானத்திலேயே பார்க்கலாம். காமலாபுரத்தில் இருக்கும் நம் விமான நிலையத்திலிருந்து தேவனஹள்ளிக்கு நேர்கோட்டில் 160 கிலோமீட்டர். ஏடிஆர் என்கிற விசிறி எஞ்சின் விமானம் மணிக்கு ஐந்நூறு கிலோமீட்டர் ஓடும், இருபது நிமிடத்தில் போய்விடலாம். ஆனால் டிக்கெட்டில் ஒரு மணி நேரத்தை ஒட்டித்தான் போடுவார்கள். ஓடுதளத்துக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, பெங்களூருவில் இறங்க வரிசையில் சுற்றுவது, அப்புறம் தாமதத்துக்கு என்று ஒரு கைப்பிடி அரிசி கூடுதல். நம் விமான நிலையத்தின் கதையே தனி. 1993இல் திறந்தது, விமானம் வந்தது, நின்றது, 2018 மார்ச்சில் உடான் திட்டத்தில் மறுபடி வந்தது, 2021இல் நின்றது, 2023 அக்டோபரில் திரும்ப வந்தது. அதனால் அமெரிக்கப் பயணத்துக்கு அதை நம்பி இணைப்பு போடுவதானால் டிக்கெட் எடுக்கும் வாரத்தில் அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கடிகாரம். டிக்கெட்டில் எப்போதும் கிளம்பும் ஊரின் நேரமும் சேரும் ஊரின் நேரமும்தான் இருக்கும். நவம்பர் கடைசியில் சான் பிரான்சிஸ்கோ நமக்குப் பதின்மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கும். நீங்கள் கிளம்பும் மதியம் 2 மணிக்கு அங்கே நள்ளிரவு தாண்டி 12.30, அதே தேதி. இறங்குவது மாலை 5. ஆக மொத்தம் பதினாறரை மணி நேரம். உங்கள் மூன்று மணி நேரத்தோடு பதின்மூன்றரையைக் கூட்டினாலும் இதே விடைதான்.

திரும்பும்போது கவனம் தேவை. ஏப்ரலில் வித்தியாசம் பன்னிரண்டரைதான். அமெரிக்கர்கள் மார்ச் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி, நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை பின்னால் இழுப்பார்கள். 15ஆம் தேதி இரவு 9 முதல் 17ஆம் தேதி அதிகாலை 3 வரை முப்பது மணி நேரம், அதில் பன்னிரண்டரையைக் கழித்தால் பதினேழரை. போவதற்குப் பதினாறரை, வருவதற்குப் பதினேழரை. மூன்றும் முப்பதும் கடிகாரம் காட்டிய மாயம்.

இதில் நானே ஒருமுறை கோட்டை விட்டவன். மாமனார் அமெரிக்கா போனபோது, தொழில் தெரிந்த மாப்பிள்ளை என்று என்னிடம்தான் சேரும் நேரத்தைக் கேட்டார்கள். பழைய வித்தியாசத்தை வைத்துச் சொல்லிவிட்டேன், அந்த வாரம்தான் அங்கே கடிகாரத்தை மாற்றியிருந்தார்கள். மனிதர் கம்பளிக் குல்லாவோடு விமான நிலைய வாசலில் ஒரு மணி நேரம் நின்றிருக்கிறார். அதற்குப் பிறகு எனக்குப் பெண் கொடுத்ததைப் பற்றி அவர் அடிக்கடி யோசித்ததாக மனைவி சொல்வாள்.

துருவமா பசிபிக்கா என்று கேட்டீர்கள். இரண்டு பேர் சொன்னதும் பொய்யில்லை. 2021 ஜனவரியில் இந்தத் தடத்தின் முதல் நேர் விமானம் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து 9ஆம் தேதி இரவு கிளம்பி, வட துருவத்தின் மேல் பறந்து, 11ஆம் தேதி அதிகாலை பெங்களூருவில் இறங்கியது. கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் பைலட்கள் அத்தனை பேரும் பெண்கள். துருவ வழியில் எதிர்க்காற்று குறைவு, அதனால் மேற்கே திரும்பி வருகிறவர்களுக்கு அது லாபம். கிழக்கே போகிறவர்கள் ஜெட் ஸ்ட்ரீமைத் தேடிப் பசிபிக்குக்குத்தான் போவார்கள். ஆகவே நவம்பரில் உங்களுக்கு வங்காள விரிகுடா, சீனா அல்லது அதன் கரை, ஜப்பான், பசிபிக் என்று அமைய வாய்ப்பு அதிகம். அதிகம் என்றுதான் சொல்கிறேன், அன்றைய வழியைக் கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்னால்தான் முடிவு செய்வார்கள்.

துருவத்துக்கும் விலை உண்டு. அமெரிக்காவில் நிரப்பும் எரிபொருள் மைனஸ் 40 பாகையில் உறையத் தொடங்கும் வகை, நம் நாட்டில் நிரப்புவது மைனஸ் 47 தாங்கும். துருவத்தின் மேல் வெளியே மைனஸ் 65, 70 என்று போகும் நாட்கள் உண்டு. இறக்கைக்குள் இருக்கும் எரிபொருள் உறைநிலையை நெருங்கினால் பைலட் வேகத்தைக் கூட்டுவார் அல்லது கீழே இறங்கிச் சூடான காற்றைத் தேடுவார். 82 பாகைக்கு மேல் வழக்கமான செயற்கைக்கோள் தொடர்பும் கிடைக்காது, பழைய சிற்றலை ரேடியோதான். சூரியப் புயல் அடிக்கும் நாளில் அதுவும் இரைச்சலாகிவிடும், அன்றைக்குத் துருவ வழியை ரத்து செய்துவிடுவோம்.

அன்றைக்கு எவ்வளவு மாறலாம்? என் அனுபவத்தில் இந்த நீளப் பயணங்களில் டிக்கெட் நேரத்திலிருந்து அரை மணி, முக்கால் மணி முன்னால் இறங்குவதும் பின்னால் இறங்குவதும் சகஜம். எதிர்க்காற்று மோசமான நாட்களில் எடையைக் குறைக்கச் சரக்கை இறக்கிவிடுவார்கள். எப்போதாவது நடுவில் எங்காவது எரிபொருள் நிரப்ப இறங்கவும் நேரும். நடந்தால் பதற வேண்டாம், யாரோ ஒருவன் என்னை மாதிரி உட்கார்ந்து கணக்குப் போட்டுத்தான் இறக்கியிருப்பான்.

சரி, வீட்டுக்கு வீடு. ஓமலூரிலிருந்து தேவனஹள்ளி சாலை வழியாக 230 கிலோமீட்டரை ஒட்டி வரும். தொப்பூர் கணவாயில் ஒரு லாரி குறுக்கே நின்றால் எல்லாக் கணக்கும் போச்சு. அப்புறம் ஓசூர் தாண்டி அத்திப்பள்ளி, பெங்களூரு நகரத்தைக் குறுக்காகக் கடப்பது. நான் ஆறு மணி நேரம் ஒதுக்குவேன். மதியம் 2 மணி விமானம் என்றால் பத்து, பத்தரைக்கு உள்ளே இருக்க வேண்டும், அதனால் அதிகாலை 4 மணிக்கு வண்டி. அங்கே மாலை 5 மணிக்கு இறங்கிக் குடியேற்ற வரிசை, பெட்டி, கார் என்று மகள் வீட்டுக்குள் நுழைய ஏழரை மணி. 4லிருந்து 7.30 வரை பதினைந்தரை, அதோடு பதின்மூன்றரை. இருபத்தொன்பது மணி நேரம். இதில் ஆகாயத்தில் இருப்பது பாதிக்குக் கொஞ்சம் மேல்தான்.

முந்தின நாளே பெங்களூருவில் சொந்தக்காரர் வீட்டில் தங்க முடிந்தால் அம்மாவுக்கு நல்லது. நடுவில் ஒரு ஊரில் இறங்கி மாறும் பயணத்தையும் ஒதுக்கிவிட வேண்டாம். துபாய் வழியாகப் போனால் மொத்தத் தூரம் 15,740, சிங்கப்பூர் வழியாக 16,770 கிலோமீட்டர் சுமாருக்கு வரும். நேர் வழியைவிட எட்டில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்கு கூடுதல், அவ்வளவே. நேரத்தைத் தின்பது இடையில் காத்திருப்பதுதான். ஆனால் ஒரே மூச்சாகப் பதினாறரை மணி நேரம் உட்கார முடியாத மூட்டுவலிக்காரர்களுக்கு நடுவில் இரண்டு மணி நேரம் காலை நீட்டி நடப்பது வரம். வீல் சேர் கேட்டால் கிடைக்கும், டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். உங்கள் அம்மா கொலு படி ஏறி இறங்குகிறவர் என்றால் நேர் விமானமே போதும்.

சர்க்கரை மாத்திரை விஷயத்தில் நான் வாய் திறக்க மாட்டேன், நான் டாக்டர் இல்லை. ஆனால் டாக்டரிடம் போகும்போது "விமானத்தில் பதினாறரை மணி நேரம், வீட்டிலிருந்து இருபத்தொன்பது மணி நேரம், அங்கே நேரம் பதின்மூன்றரை மணி பின்னால்" என்று இந்த மூன்று எண்களையும் எழுதிக் கொடுங்கள். "அமெரிக்கா போறோம்" என்று மட்டும் சொன்னால் அவரால் சரியாகச் சொல்ல முடியாது. மாத்திரையும் சீட்டும் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் போட வேண்டாம். விமானத்துக்குள் அம்மாவின் கையில் இந்திய நேரம் காட்டும் கடிகாரமே இருக்கட்டும், அங்கே போய் இறங்கிய பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

வழிநெடுக ஜன்னலை மூடச் சொல்வார்கள், அதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. கிழக்கே போகும்போது சூரியனுக்கு எதிராக ஓடுவதால் உங்களுக்கு இரவு ரொம்பச் சின்னதாக வரும். மதியம் கிளம்பி, மூன்று மணி நேரத்தில் இருட்டி, பசிபிக் நடுவில் விடிந்து, இறங்கும்போது அதே தேதியின் சாயங்காலம். ஒரே நாளில் இரண்டு சூரிய அஸ்தமனம் பார்க்கலாம், அம்மா விழித்திருந்தால் காட்டுங்கள்.

திரும்பும் டிக்கெட்டில் சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் கூட்டல் குறியும் 2 என்ற எண்ணும் இருக்கும், இரண்டு நாள் கழித்து என்று பொருள். அச்சுப்பிழை என்று நினைத்து 16ஆம் தேதி அதிகாலைக்கு வண்டி அனுப்பச் சொல்லிவிடாதீர்கள், ஓட்டுநர் தேவனஹள்ளியில் ஒரு நாள் முழுக்க உட்கார வேண்டியிருக்கும். பால்காரரிடமும் 17ஆம் தேதி காலையிலிருந்து என்று சொல்லாமல் 18 என்று சொல்லிவையுங்கள். அதிகாலை 3 மணிக்கு இறங்கினாலும் ஓமலூர் வந்து கதவைத் திறக்கப் பதினொரு மணி ஆகிவிடும், பால் திரிந்து போயிருக்கும்.